அந்தரத்தில் நின்ற அடிகள்

தூத்துக்குடியில் உப்பளங்களுக்கும் துறைமுகச் சாலைக்கும் நடுவே, உப்புக்காற்று தின்று உள்கம்பிகள் வெளியே தெரிகிற நாலு மாடிக் குடியிருப்பில், சி பிளாக் என்ற கட்டடத்தில், ஓங்கி அடித்த அடி விழாமல் அந்தரத்தில் நின்றுபோன காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றிக் கேட்டால், மழை நன்றாகப் பெய்த வருடங்களைச் சொல்வதுபோல, அது நல்ல காலம் என்றே அங்கே இருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள்.

முதல் அடி மூன்றாம் மாடியில், தாசையா வீட்டு அடுப்படியில் நின்றது. தாசையா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்; வீடு அளவு இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோலத் தரையில் வைக்கிற கை அது என்று கூட வேலை பார்ப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவன் மனைவி எஸ்தர், இறால் பதனிடும் கம்பெனியில் நாள் முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீரில் நின்றுவிட்டு வந்து வீட்டில் அடுப்பின் முன்னால் நிற்பவள். அன்று மீன்குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. தாசையா கை ஓங்கினான். கை தன் வழக்கமான பாதையில் முழுதாக வந்தது, அதன் காற்றுகூட எஸ்தரின் காதோரத்து முடியை அசைத்தது, பிறகு கை திரும்பித் தன் இடத்துக்குப் போனது. கன்னத்தில் மட்டும் ஒன்றும் வந்து சேரவில்லை. எஸ்தர் கழுத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, அது வந்து விழட்டும் என்று நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கண்ணைத் திறந்தபோது உலை பொங்கி அடுப்பு அணைந்திருந்தது, தாசையா கூடத்தில் உட்கார்ந்து, அடித்துவிட்ட திருப்தியோடு, அதே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போதையில் குறி தப்பியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உள்ளறையில் அவர்கள் மகள் பியூலாவின் கணினித் திரை அந்த நொடியில் உறைந்து நின்றது. துப்பாக்கி தூக்கியவன் தூக்கியபடி, புகை எழுந்தது எழுந்தபடி நிற்க, திரையின் நடுவில் ஒரு சிறு வளையம் சுற்றிச் சுற்றி வந்தது.

கல்லூரியில் சேர்ந்த வருடம், பிள்ளைகளுக்கு டியூசன் எடுத்துச் சேர்த்ததில் பியூலா வாங்கிய விளையாட்டுக் கணினி அது. கறுப்புக் கேபினட், ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே சிவப்பு விளக்குகள். வாங்கிய புதிதில் அதைப் பார்க்கவே மாடிக்கு மாடி ஆள் வந்தார்கள். பிறகு விளையாட்டுகள் வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போயின, கணினிக்கு வயது ஏறிக்கொண்டே போனது, கண்ணாடியில் கீறல் விழுந்தது, விளக்குகளில் ஒன்று மட்டும் மிச்சம் எரிந்தது. ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பகல் முழுக்கச் சரக்கு எண்களைத் தட்டிவிட்டு வந்து, மாலையில் முகம் தெரியாத நாலு பேரோடு அணி சேர்ந்து பியூலா சுடுவாள். அவள் சுட்ட குண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் புறப்படும். அதனால் எதிரி இருக்கிற இடத்தில் சுடாமல், அவன் போய்ச் சேரப்போகிற இடத்தைப் பார்த்துச் சுட அவள் பழகினாள். வருடக்கணக்காகப் பழகினாள். அந்தக் கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று அணியில் சொல்வார்கள், ஆனாலும் அவளை ‘லேட்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தத் தாமதம் எப்படி வீட்டுக்குள் இறங்கியது, வீட்டிலிருந்து மின்கம்பி வழியாகப் போனதா, சுவரின் ஈரத்தோடு ஊறிப் போனதா என்று யாரும் கேட்கவில்லை. சி பிளாக்கின் எல்லா வீட்டிலும் அது இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பால் பொங்குவது தாமதமாகவில்லை, பிள்ளைகள் வளர்வது தாமதமாகவில்லை, மாசக்கடைசி தாமதமாகவில்லை. ஒரு மனிதர் இன்னொருவரை நோகடிக்க எறிகிறது மட்டுமே நின்றது, அது கனமானது என்பதால். ஓங்கிய கை நின்றது, கத்திய வசவு நின்றது, மாடிப்படியில் போகிற பெண்ணின் முதுகில் குத்தும் பார்வை நின்றது. அன்பாகச் சொன்ன சொற்கள் அன்றன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டன; அவ்வளவு எடை அவற்றுக்கு இல்லை.

முதலில் கண்டுகொண்டவர்கள் பெண்கள். தரைத்தளத்துப் பிச்சம்மாள், அவள் புருசன் ஐஸ் கம்பெனிக்காரன், அவன் இடுப்பு வாரைச் சுழற்றி அடித்தது முதுகில் விழாததை மூன்று நாள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, நாலாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் எஸ்தரிடம் சொன்னாள். எஸ்தர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு குழாயடி முழுக்க ஒருத்தி மாற்றி ஒருத்தி உடம்பில் ஒவ்வொரு இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள். மாதாவின் கருணை என்று சிலரும் அம்மனின் கண் திறந்துவிட்டது என்று சிலரும் சொன்னார்கள். அடித்தது திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். வந்துசேரத் தாமதமாகிறது என்பதற்கும் இனி வராது என்பதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம், அடி வாங்கிப் பழகியவர்களுக்கு அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை.

ஆண்களும் கண்டுகொண்டார்கள். அடித்தால் விழுவதில்லை என்று தெரிந்த பிறகு அவர்கள் அடிப்பதை நிறுத்தவில்லை. அடிப்பதற்கு முன்பு இருந்த சின்னத் தயக்கத்தைத்தான் நிறுத்தினார்கள். முன்பு குடித்தால் அடித்தவன் இப்போது குடிக்காமலும் அடித்தான். முன்பு அக்கம்பக்கம் கேட்குமே என்று கதவைச் சாத்தியவன் இப்போது திறந்துபோட்டு அடித்தான். விழவா போகிறது என்று சிரித்துக்கொண்டே பிள்ளைகள் எதிரிலேயே கை ஓங்கினார்கள், பெண்களும் அதைக் கண்டுகொள்ளாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அடிகள் அடுப்படிகளில் சேர்ந்தன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவை நிற்கிற இடத்தில் காற்று கொஞ்சம் தடித்திருக்கும், கொசு அங்கே பறக்காது, அடுப்பின் சுடர் அந்தப் பக்கம் சாயாது. எஸ்தர் அதற்குள்ளேதான் நின்று சமைத்தாள். கொடியில் காயும் துணிக்கு அடியில் குனிந்து போவதுபோல அவற்றுக்கு அடியில் குனிந்து போய்ப் பழகியிருந்தாள்.

கூச்சலும் அழுகையும் இல்லாத கட்டடம் என்று சி பிளாக்கின் பேர் ஊரில் பரவியது. ஒரு மகளிர் தினத்தன்று ஏதோ தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து, வன்முறையற்ற குடியிருப்பு என்று எழுதிய கேடயத்தைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் கொடுத்தார்கள். அவர் அதைச் சங்க அறையில் ஆணியடித்து மாட்டினார். படத்தில் ஆண்கள் எல்லாரும் நிற்கிறார்கள். பெண்கள் அப்போது காபி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரணம் கணினிதான் என்பது பியூலாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே தெரியும். அப்பன் கை எழும்போதெல்லாம் அவள் திரை உறைந்தது. அவள் அதை யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றுக்கொண்டே, அந்தச் சிறு வளையம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, நல்லது, நிற்கட்டும் என்று நினைத்தாள்.

பிறகு பெங்களூரிலிருந்து அந்த அழைப்பு வந்தது. அங்கே விளையாட்டையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு அணி, குறிபார்த்துச் சுடும் இடத்துக்கு ஆள் எடுக்கிறது. தேர்வு ஆட்டம் பங்குனி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எடுத்துக்கொண்டால் சம்பளம் உண்டு, தங்க வீடு உண்டு, குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிவரலாம். அந்தக் கடைசி வரியைப் பியூலா திரும்பத் திரும்பப் படித்தாள். கூட்டிவர வேண்டியவள் அடுப்படியில் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். ஆனால் யோசித்துவிட்டுப் புறப்படும் குண்டை வைத்துக்கொண்டு அந்தத் தேர்வில் நிற்க முடியாது. கணினியைப் புதுப்பிக்க வேண்டும். கையில் இருந்த காசுக்கு முழுசாக முடியாது, சில பாகங்களைத்தான் மாற்ற முடியும். எந்தப் பாகத்தை என்பதுதான் கேள்வி.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினிக் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து நவாஸ் வீட்டுக்கே வந்து கேபினட்டைத் திறந்து பார்த்தான். தூசியை ஊதினான். வாய் ஓயாதவன். பிராசசருக்கு வயசாகிவிட்டது, அதை மாற்றினால் மதர்போர்டை மாற்ற வேண்டும், போர்டை மாற்றினால் இந்த ராம் மெமரி அதில் பொருந்தாது, அதையும் மாற்ற வேண்டும், அதனால் முதலில் இந்த மூன்றையும் ஒன்றாக மாற்று, கிராபிக்ஸ் கார்டு பிறகு பார்க்கலாம் என்றான். சொல்லிவிட்டுப் போகும்போது படியில் கோமதிநாயகம் அண்ணாச்சியைப் பார்த்து, இந்தப் பெட்டி நின்று நின்று ஓடுகிறது, என்னத்தையோ தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது அண்ணாச்சி, எல்லாவற்றையும் எடுத்துப் புதுசு போடப் போகிறோம் என்று சிரித்துவிட்டுப் போனான்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் வீட்டு அடுப்படியிலும் கொசு பறக்காத இடம் ஒன்று இருந்தது. அவர் படியில் நின்றே யோசித்தார், யோசித்ததில் அவருக்கு எல்லாம் விளங்கியது, அன்று மாலையே கூட்டம் போட்டார்.

ஒரு பெண்ணின் கணினியில் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று முடிவெடுக்க ஒரு கட்டடமே கூடியது. இதில் வியக்க ஒன்றுமில்லை. யார் வீட்டுப் பெண்ணை எங்கே கட்டிக்கொடுக்கலாம் என்றும் அவர்கள் அப்படித்தான் கூடி முடிவெடுப்பார்கள். எதையும் மாற்றக்கூடாது என்றார்கள் சிலர். புதுக் கணினி ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள் சிலர். வாங்கித் தருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே இருப்பது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, குடியிருப்பின் அமைதி, குடியிருப்பின் அமைதி என்றே பேசினார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து பிச்சம்மாள் எழுந்தாள்.

“எங்க முதுகுக்கு நீங்க ஏன் அண்ணாச்சி கூட்டம் போடுதீய?”

உட்காரச் சொல்லி அவள் புருசன் அங்கேயே கை ஓங்கினான். அதுவும் விழவில்லை. சங்க அறையில், கேடயத்துக்குக் கீழே நின்றது.

இருப்பதிலேயே சின்னதாக இருப்பதை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கலாம் என்று அண்ணாச்சி முடிவு சொன்னார். பியூலா ராமைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சீப்பு மாதிரி இருக்கு. இதுல என்ன பெரிசா இருந்துரப் போவுது.”

இப்போது இதை மாற்றினால் பிறகு புது போர்டுக்கு இது உதவாது, வீண் என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

ராம் மாறிய மாலையில் வசவுகள் வந்து சேர்ந்தன. விளக்கு வைக்கும் நேரம், சி பிளாக்கின் எல்லா அறைகளிலும், வருடக்கணக்காகக் கத்தப்பட்டதெல்லாம் அந்தந்தக் குரலில், அந்தந்தச் சத்தத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. பிறந்த வீட்டை இழுத்தது, செத்துப்போன தாயை இழுத்தது, நிறத்தை, நடையை, பெற்ற பிள்ளை யாருடையது என்பதை. ஆண்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், சிலர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். எஸ்தர் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான், புதுசு ஒண்ணுமில்ல என்று மகளிடம் சொன்னாள்.

ஆனால் இரண்டாம் மாடியில், போன ஆவணியில் குடிவந்த புதுப்பெண் ஒருத்தி, சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். யாரென்றே தெரியாத ஒரு ஆண் குரல் அவளை மலடி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு எறிந்ததில்லை. முன்பு அந்த வீட்டில் இருந்தவளுக்கு அவள் புருசன் எறிந்தது. அவள் இப்போது மதுரையில் இரண்டு பிள்ளைகளோடு, ஒன்றும் கேட்காமல், நிம்மதியாக இருந்தாள்.

இதைக் கேட்டதும் பியூலாவுக்கு விளங்கியது. தாமதமான ஆட்டங்களில் அவள் தினமும் பார்ப்பதுதான் இது. குண்டு ஆளைத் தேடி வராது. ஆள் நின்ற இடத்துக்கு வரும். அங்கே இப்போது யார் இருக்கிறார்களோ அவர்கள் வாங்குவார்கள். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அடி உன்னைத் தேடி வராதும்மா, நீ அந்த இடத்தில் இல்லாவிட்டால் போதும் என்றாள். எஸ்தர் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

“நான் எப்பவும் அந்த இடத்துலதானட்டி நிக்கேன்.”

அடுத்ததாகக் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சங்கம் அனுமதி கொடுத்தது. படம் காட்டுகிற சாமான்தானே என்றார்கள். அது மாறிய அன்று பார்வைகள் வந்து விழுந்தன. பெரும்பாலும் மாடிப்படியில் விழுந்தன. யாரும் ஏறாத, யாரும் இறங்காத படிகளில், பெண்களின் முதுகு உயரத்தில், ஒரு பகல் முழுக்க விழுந்துகொண்டே இருந்தன, சுவரில் பெயின்ட் கொப்புளம் கட்டியது, கைப்பிடிக் கம்பி தொட முடியாமல் சுட்டது. அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளைகள் மேலே ஏற மாட்டோம் என்று கீழேயே நின்றார்கள். ஆட்டத்தில் புல்லும் தண்ணீரும் கண்ணைப் பறிக்கும்படி தெரிந்தன. குண்டு மட்டும் பழையபடி யோசித்துவிட்டே புறப்பட்டது. பழைய தோணியில் புதுப் பாய் கட்டின மாதிரி, உள்ளே தண்ணி ஏறிக்கிட்டுத்தான் இருக்கும் என்றான் நவாஸ்.

சொற்கள் விழுந்துவிட்டன, பார்வைகள் விழுந்துவிட்டன. மிச்சம் உள்ள பாகத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. இனி ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக்கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. பெண்களை நினைத்துத்தான் சொல்கிறோம் என்றார்கள். ஏதோ ஓடிக்கிட்டிருக்கு, அதை ஏன் நோண்டணும் என்றார் அண்ணாச்சி. பியூலா குழாயடிக்குப் போனாள். அங்கே பிச்சம்மாளிடமும் மற்றவர்களிடமும், அடி இடத்தைத்தான் தேடும் என்பதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பெண்கூடக் கட்டடத்துக்குள் இருக்கக்கூடாது என்று குழாயடி முடிவெடுத்தது. அந்தக் கூட்டத்துக்குப் பெஞ்சும் இல்லை, செயலாளரும் இல்லை.

வீட்டில் எஸ்தர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். அவுககிட்டயும் சொல்லிரு என்றாள். பியூலா அப்பனிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அடுப்படிப் பக்கம் போகாதீர்கள் என்றாள். தாசையா சிரித்தான்.

“நான் எதுக்குட்டி அடுப்படிக்குப் போறேன்?”

அது உண்மை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அடித்தபோது தவிர அங்கே போனதில்லை.

ஞாயிறு காலை, ஆண்கள் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் நவாஸ் வந்தான். புது போர்டு, புது பிராசசர், புது ராம் என்று வைத்துத் திருகி மூடினான். முதல் ஆட்டத்தை ஏற்றும்போதுதான் இது முழு வேகத்துக்கு வரும், அதுவரைக்கும் சும்மா இருக்கும் என்று சொல்லிவிட்டு, பழையதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். மதியச் சாப்பாடு பரிமாறி முடித்ததும் பெண்கள் ஒவ்வொருத்தியாக, கடைக்குப் போகிற மாதிரி, கோவிலுக்குப் போகிற மாதிரி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள், கடற்கரைப் பூங்காவில் போய் ஒன்றாக உட்கார்ந்தார்கள். எஸ்தர் கடைசியாக இறங்கினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அடுப்பில் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

தேர்வு மூன்று மணிக்கு. பியூலா காதில் ஹெட்போனை மாட்டி, ஆட்டத்தை ஏற்றும் பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் மற்றவர்கள் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. அப்போது தாசையா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து, எஸ்தரு, எஸ்தரு என்று கூப்பிட்டான். வீடு பதில் சொல்லவில்லை. அவனுக்குத் தேநீர் வேண்டியிருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனான்.

திறந்திருந்த கதவு வழியாக அவன் முதுகு பியூலாவுக்குத் தெரிந்தது. தேயிலை டப்பா எது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பான். மிளகாய்த்தூளைத் திறந்து பார்த்தான், கடுகைத் திறந்து பார்த்தான், சரியாக அந்த இடத்தில், அடுப்புக்கு முன்னால், எஸ்தர் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு தேடினான். பியூலா ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

“அப்பா, வெளிய வாங்க. நான் போட்டுத் தாரேன்.”

“ஏன், ஒரு தேயிலை எடுக்கத் துப்பில்லாதவனா நானு? உன் சோலியப் பாரு.”

திரையில் எல்லா விளக்கும் பச்சையாகிவிட்டது, அவளுடையது மட்டும் சிவப்பு. ஒருமுறை தாமதித்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தது. வெளியே வாங்க என்று அவள் மறுபடியும் சொன்னதாக அவள் சொல்கிறாள். சொல்லவே இல்லை என்று பிளாக் சொல்கிறது. ஹெட்போனை இழுத்துக் காதை மூடிக்கொண்டு அவள் தன் சோலியைப் பார்த்தாள்.

கடற்கரையில் பெண்கள் அவித்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்குவதுபோல ஒரு சத்தம் நகரத்துப் பக்கமிருந்து வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆளில்லாத அடுப்படிகளில் பானைகள் நசுங்கின, தட்டுகள் பறந்தன, சுவர்ப்பூச்சு பெயர்ந்தது. சங்க அறையில் ஒரு அடி கடைசிப் பெஞ்சின் முதுகை ஒடித்தது. எஸ்தர் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பிச்சம்மாள் மட்டும் சத்தத்தை எண்ணப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள்.

கணினி புது மழைபோல ஓடியது. எதுவும் யோசிக்கவில்லை, எதுவும் நிற்கவில்லை. பியூலா விரலை அசைத்த கணத்தில் குண்டு போய்ச் சேர்ந்தது. எதிரி இன்னும் வந்திராத இடத்தில் போய்ச் சேர்ந்தது. அவள் மறுபடி சுட்டாள், மறுபடியும் அவன் போகப்போகிற இடத்தில், அவனுக்கு முன்னால். வருடக்கணக்காகப் பழகிய கை, தாமதம் இல்லாத உலகத்தில் எங்கே சுடுவது என்று தெரியாமல், ஆட்டம் முடியும்வரை வெறும் காற்றைச் சுட்டது. பெங்களூர்க்காரர்கள் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றினாள். வீடு அமைதியாக இருந்தது, தேயிலை வாசம் அடித்தது. டப்பாவை அவன் கண்டுபிடித்துவிட்டிருந்தான். அது தரையில் கொட்டிக் கிடந்தது, அதன்மேல் அவன் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில், கிரேனிலிருந்து விழுந்தாரா என்று கேட்டார்கள். இடுப்புக்குக் கீழே இனி அசையாது, இடது பக்கம் விளங்காது, பேச்சும் திரும்பாது என்றார்கள். வலது கைக்கு ஒன்றும் இல்லை. அத்தனை அடியில் ஒன்றுகூட அந்தக் கையில் விழவில்லை. அவன் எஸ்தரின் கைமேல் அடித்ததே கிடையாது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று அவன் உடம்பைப் பார்த்தார்கள். கன்னத்தில், பிடரியில், முதுகில் ஊதாவும் பச்சையுமாக இருந்ததைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பிறகு எஸ்தரின் உடம்பைப் பார்த்தார்கள், அதில் ஒரு தழும்பும் இல்லை. இத்தனை வருசத்தில் பெண்டாட்டிமேல் ஒரு அடி விழாமல் வைத்திருந்த மனுசன், அவனுக்கா இப்படி என்று அண்ணாச்சி சொன்னார், மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஒரு விளையாட்டுக்காக அப்பனை இப்படி ஆக்கினாளே என்று பியூலாவைப் பற்றிப் படியில் பேசினார்கள். அவள் ஏறி இறங்கும்போது பார்த்தார்கள். பார்வைகள் இப்போது உடனே வந்து சேர்ந்தன.

கொஞ்ச நாள் கட்டடத்தில் யாரும் கை ஓங்கவில்லை. நசுங்கிய பானைகளைப் பார்த்துப் பயந்திருந்தார்கள். பிறகு ஒரு மாலை, நாலாம் மாடியில் சத்தம் கேட்டது, சத்தத்தோடு சேர்ந்தே அழுகையும் கேட்டது. மறுநாள் வேறொரு வீட்டில். பிறகு யாரும் கவனிக்கவில்லை. ஆண்கள் நவாஸின் கடைக்குப் போய்ப் பழைய பாகங்கள் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவன் அவற்றைக் கழிவோடு கழிவாக விற்றுவிட்டிருந்தான், அவை ஏதோ ஒரு இரும்புப் பெட்டியில் ஏறி, வேறொருவன் ஓட்டிய கிரேனில் தொங்கி, கடல் தாண்டிப் போயிருந்தன. அடுத்து, பெண்கள் பியூலாவிடம் வந்தார்கள். பிச்சம்மாள்தான் கூட்டிவந்தாள். அவள் புருவத்தில் புதுசாகக் கட்டுப் போட்டிருந்தது. அவள் முன்பு சங்கத்தில் பேசியதுபோலப் பேசவில்லை, மெதுவாகக் கேட்டாள்.

“பழசு மாதிரி மெதுவா ஓடுற மாதிரி இதை ஏதாச்சும் பண்ண முடியுமாட்டி?”

பியூலாவால் முடியவில்லை.

அம்மாவிடம் அவள் ஒரு நாள், எங்கேயாவது போய்விடுவோம் என்று சொன்னாள். பெங்களூர் இல்லாவிட்டால் வேறு ஊர், ஏதாவது ஒரு வேலை. எஸ்தர் கட்டிலைக் காட்டினாள். பிறகு இவுகள யாரு பாத்துக்கிடுவா என்று கேட்டாள். இறால் கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். காலையில் துடைத்துவிட்டு, புரட்டிப் போட்டு, கஞ்சி ஊட்டி, மதியம் மூன்று மணிக்குத் தேநீர் போட்டு, ஆற்றி, கரண்டியால் கொடுத்தாள். தேயிலை டப்பாவை அதே இடத்தில்தான் வைத்தாள்.

ஒரு நாள் தேநீர் சரியாக ஆறவில்லை போலிருக்கிறது. முதல் கரண்டி உதட்டில் பட்டதும் தாசையாவின் தொண்டையில் ஒரு சத்தம் எழுந்தது, நல்லபடியாக இருந்த வலது கை எழுந்தது, பழைய பாதையில் முழுதாக வந்தது, எஸ்தரின் கன்னத்தில் விழுந்தது, திரும்பிப் போய்ப் போர்வையின்மேல் கிடந்தது. டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. உள்ளறையிலிருந்து வந்து கதவருகில் நின்ற பியூலா பார்த்தாள்: அம்மா கழுத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தன. அவள் அசையவில்லை. வெளியே கொடியில் துணி படபடத்தது, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது, அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“இன்னும் விழலையாட்டி?”

“விழுந்துட்டுதும்மா” என்றாள் பியூலா.